முகத்துவாரம் திறந்தபின் கருஞ்சேற்றில் நடப்பது

சென்னையில் நொச்சிக்குப்பத்துக் கரையிலிருந்து தெற்கே பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் என்று கடலோரமாகவே போனால் அடையாறு கடலைச் சேரும் இடம் வரும். ஆதனூர்ப் பக்கம் தொடங்கிச் சுமார் 42 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, அந்த இடத்தில் கடலைத் தொடாமலே தேங்கிக் கிடக்கும் மாதங்கள் உண்டு. கோடையில் வரத்து குறைந்ததும் அலை கொண்டுவரும் மணல் ஆற்றின் வாயை அடைத்துவிடும். பொக்லைன் இயந்திரங்கள் வந்து மணலை வெட்டும்வரை, அல்லது ஐப்பசி மழை தன் வேகத்தில் அதை உடைக்கும்வரை, உள்ளே நிற்பதில் பெரும்பங்கு நகரத்தின் கழிவுநீர். அதன் அடியில் மை போன்ற கருஞ்சேறு. கோலால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழிகள் கிளம்பும். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு எளிது: வாயைத் திறந்துவிடு, கடல் உள்ளே வரும், ஆக்சிஜன் வரும், காற்றில்லாமல் வாழும் கிருமிகள் செத்துப்போகும், நாற்றம் போய்விடும். இந்த நியாயத்தின் நடுக்கண்ணிதான் என் கேள்வி. காற்றில்லா பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் பட்டால் உண்மையில் சாகின்றனவா? கடந்த ஒன்றரை நூற்றாண்டின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை சாவதில்லை. வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கின்றன, அதோடு வந்த ஆக்சிஜனைத் தாமே கூடித் தீர்க்கவும் செய்கின்றன என்றுதான் தெரிகிறது. இதை ஒப்புக்கொண்டால் அடையாற்றுக்குச் சொல்லும் வைத்தியமும் மாறியாக வேண்டும்.

முதலில் சேற்றில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். நாம் உணவை எரிக்க ஆக்சிஜனை இழுப்பதுபோல, கடல்நீரில் கரைந்திருக்கும் சல்ஃபேட்டை இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும் பாக்டீரியாக்கள் அங்கே ஏராளம். அவை விடும் சல்பைடு சேற்றிலுள்ள இரும்போடு கூடி இரும்பு சல்பைடாகிறது. சேற்றின் கறுப்பு அதனால் வந்தது. 1895இல் டச்சு நுண்ணுயிரியலாளர் மார்ட்டினுஸ் பெயரிங்க், டெல்ஃப்ட் நகரத்தில் இந்த வகையை முதன்முதலாகப் பிரித்துக் காட்டினார். டீசல்ஃபோவிப்ரியோ என்ற பெயர் பின்னால் வந்தது. இவற்றுக்குத் துணையாகப் பெரிய மூலக்கூறுகளை நொதிக்கவைத்து உடைக்கும் குளோஸ்ட்ரிடியங்கள், கழிவுநீரோடு மனிதக் குடலிலிருந்து வந்து சேரும் பாக்டீராய்டிஸ் வகைகள், பாக்டீரியாக்களே அல்லாத மீத்தேன் நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே சேற்றில் குடியிருக்கின்றன. மேலே நீரில் ஆக்சிஜன் இருந்தாலும், இவ்வளவு உணவுள்ள சேற்றில் அது சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. மெல்லிய பழுப்புத் தோல் போலத் தெரியும் மேற்பரப்புதான் ஆக்சிஜனின் எல்லை. அதற்குக் கீழே முழுக்கக் கறுப்பு.

ஆக்சிஜன் இவற்றுக்கு நஞ்சு என்ற எண்ணம் லூயி பாஸ்ச்சரிடமிருந்து தொடங்குகிறது. 1861இல் அவர் பியூட்ரிக் அமில நொதித்தலை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடித் தகட்டுச் சொட்டின் விளிம்பில், காற்றுப் படும் இடத்தில் இருந்த உயிரிகள் அசைவற்றுப் போயின. நடுவில் இருந்தவை துள்ளிக்கொண்டிருந்தன. காற்று அவற்றைக் கொல்கிறது என்று அவர் முடிவுசெய்தார். 1863இல் காற்றில்லாமல் வாழ்பவை என்ற பொருளில் ஒரு பெயரையும் சூட்டினார். அந்தப் பெயர்தான் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் அவர் கண்ணால் கண்டது அசைவு நின்றதை. சாவு என்பது அவர் ஊகித்தது. இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளி சின்னதாகத் தோன்றலாம். பின்னால் வந்த விவாதம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் நடந்திருக்கிறது.

நஞ்சுக் கொள்கைக்கு வேதியியல் வடிவம் 20ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. ஆக்சிஜன் தானாக அவ்வளவு கொடியதில்லை. செல்லுக்குள் போய் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும்போதுதான் சூப்பர்ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறிச் சேதம் விளைவிக்கிறது. 1923இல் மெக்லியோடும் கார்டனும், பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி இல்லாததால்தான் காற்றில்லா பாக்டீரியாக்கள் காற்றில் அழிகின்றன என்றார்கள். 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் சூப்பர்ஆக்சைடை அகற்றும் டிஸ்மியூட்டேஸ் நொதியைக் கண்டுபிடித்தார்கள். 1971இல் பல வகை பாக்டீரியாக்களைச் சோதித்து, காற்றில் வாழ்பவற்றிடம் இந்த நொதி உண்டு, கண்டிப்பான காற்றில்லா வகைகளிடம் இல்லை என்று அறிவித்தார்கள். அழகான கொள்கை. கேடயம் வைத்திருப்பவன் பிழைத்தான், இல்லாதவன் மாண்டான். பாடப்புத்தகங்களில் இது நின்றுவிட்டதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

ஆனால் சில ஆண்டுகளிலேயே கணக்கு இடித்தது. கண்டிப்பான காற்றில்லா வகைகள் என்று பெயர் வாங்கிய பலவற்றிடம் டிஸ்மியூட்டேஸ் இருந்தது; குடல்வாசியான பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸிடம் கேட்டலேஸும் இருந்தது; டீசல்ஃபோவிப்ரியோ கைகாஸிடம் இரண்டுமே இருந்தன. கேடயம் இருந்தும் அவை காற்றில் வளரவில்லை. அப்படியானால் கேடயம் இல்லாமைதான் காரணம் என்று சொல்ல இடமில்லை. 1999இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆடம்ஸின் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கொதிநீர் வெப்பத்தில் வாழும் பைரோகாக்கஸ் ஃபூரியோசஸ் என்ற தொல்லுயிரியிடம் டிஸ்மியூட்டேஸ் இல்லை; அதற்குப் பதிலாகச் சூப்பர்ஆக்சைடு ரிடக்டேஸ் என்ற வேறொரு நொதி இருந்தது. சல்ஃபேட் பாக்டீரியாக்களிடமும் அதே வேலையைச் செய்யும் புரதம் இருப்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. இந்த இரண்டு நொதிகளுக்கும் உள்ள வேறுபாட்டை நிதானித்துப் பார்க்க வேண்டும். டிஸ்மியூட்டேஸ் இரண்டு சூப்பர்ஆக்சைடை எடுத்து ஒன்றைப் பெராக்சைடாக்கி, மற்றொன்றைத் திரும்பவும் ஆக்சிஜனாகவே விட்டுவிடுகிறது. காற்றில் வாழும் உயிரிக்கு அதனால் நட்டமில்லை. ஆக்சிஜனே வேண்டாம் என்று இருக்கும் உயிரிக்கு அது வாசலில் விரட்டியவனைக் கொல்லைப்புறம் வழியாக உள்ளே விடுவது போன்றது. ரிடக்டேஸோ எல்லாவற்றையும் பெராக்சைடாக்குகிறது. ரூப்ரெரித்ரின் என்ற இன்னொரு புரதம் அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்குகிறது. ஆக்சிஜன் திரும்ப வருவதே இல்லை. பாதுகாப்பே இல்லாத அப்பாவிகள் என்று நினைத்த உயிரிகளிடம், தங்கள் வாழ்க்கைக்கென்றே அமைந்த பாதுகாப்பு முழுமையாக இருந்திருக்கிறது.

அப்படியென்றால் அவை ஏன் காற்றில் வளர்வதில்லை? விடை கேடயத்தில் இல்லை, அவற்றின் பிழைப்பில் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் சக்தி எடுக்க வேண்டுமானால் மிகத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் நொதிகள் வேண்டும். அவற்றின் நடுவில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகள் திறந்த நிலையில் உட்கார்ந்திருக்கும். அந்தத் திறப்புதான் நொதியின் திறமை. ஆக்சிஜனும் அதன் வழியாகத்தான் நுழைகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் இம்லேயின் குழு, குடலில் வாழும் பாக்டீராய்டிஸ் தீட்டாயோட்டாமைக்ரானைக் காற்றில் வைத்துப் பார்த்தது. வளர்ச்சி உடனே நின்றது. ஃபியூமரேஸ், பைருவேட்டை உடைக்கும் நொதி என்று மையமான இரண்டு இடங்களில் வேலை முடங்கியிருந்தது. காற்றை அகற்றியதும் செல்கள் மீண்டும் வளரத் தொடங்கின. உலையில் நெருப்பு அணைந்திருந்தது, உலை உடையவில்லை. எல்லா நொதியும் இப்படித் திரும்பிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தனி எலக்ட்ரானைத் தன் கிளைசின் அலகில் ஏந்தியிருக்கும் சில நொதிகளை ஆக்சிஜன் தொட்டால் புரதச் சங்கிலியே துண்டாகிவிடும். புதிதாகச் செய்துதான் ஈடுகட்ட வேண்டும். என்றாலும் பொதுவான படம் மாறவில்லை. 2008இல் ஜெர்மனியில் குளோஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கத்தில் பெர்ஆர் என்ற ஒரே ஒரு கட்டுப்பாட்டு மரபணுவை நீக்கியபோது, அந்தக் கண்டிப்பான காற்றில்லா உயிரி காற்றைத் தாங்கத் தொடங்கியது. தாங்கும் கருவிகள் முன்பே அதனிடம் இருந்தன. மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஆய்வகத்தில் இந்த பாக்டீரியாக்களை வளர்ப்பவர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். ராபர்ட் ஹங்கேட் 1950இல் முறைப்படுத்திய குழாய் உத்தி தொடங்கி இன்றைய கையுறைப் பெட்டிகள் வரை, எல்லாமே காற்று ஒரு துளியும் படாமல் இருக்கத்தானே? 1969இல் வால்டர் லோஷ் அளந்தபோது கண்டிப்பான வகைகள் 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் இருந்தால் வளரவில்லை. காற்றில் இருப்பதோ 21 விழுக்காடு. மறுப்பு நியாயமானதுதான், ஆனால் அது வளர்ச்சியின் எல்லையைச் சொல்கிறது, பிழைத்திருப்பதன் எல்லையைச் சொல்லவில்லை. நோயாளிகளிடமிருந்து புதிதாக எடுத்த காற்றில்லா பாக்டீரியாக்கள் மணிக்கணக்கில் காற்றைத் தாங்கியதை 1975இலேயே டாலியும் அவர் தோழர்களும் காட்டிவிட்டார்கள். மேலும், ஆய்வகத் தட்டில் இருக்கும் பாக்டீரியா தனியாள். சுற்றிலும் ஆக்சிஜனை உண்ணும் துணை இல்லை. ஒளியும் காற்றும் பட்ட வளர்ப்பு ஊடகமே பெராக்சைடை உண்டாக்கி அதன் மேல் ஊற்றுகிறது. சேற்றில் இருப்பது கூட்டம். தட்டில் கிடைத்த விடையைச் சேற்றுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. மிகவும் மென்மையானவை என்று பெயர் பெற்ற மீத்தேன் நுண்ணுயிர்களைக்கூட, காற்று தாராளமாகப் புழங்கும் பாலைவன மண்ணிலிருந்து உயிரோடு எழுப்பலாம் என்று 1995இல் பீட்டர்ஸும் கான்ராடும் காட்டினார்கள். ஈரமும் காற்றின்மையும் திரும்பியதும் அவை மீத்தேன் விடத் தொடங்கின.

காத்திருப்பது ஒரு வழி. குளோஸ்ட்ரிடியங்கள் அதன் உச்சத்துக்குப் போய் அகவித்தாக உறைந்துவிடுகின்றன. ரணஜன்னிக் கிருமி உலர்ந்த தெருப்புழுதியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, துருப்பிடித்த ஆணி குத்திய புண்ணுக்குள் விழித்தெழுவது அந்த வித்தால்தான். ஆனால் சல்ஃபேட் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வித்து கிடையாது. அவற்றின் வழி இன்னும் துணிச்சலானது: ஆக்சிஜனைத் தின்று தீர்ப்பது. 1990இல் டில்லிங்கும் சிப்பியோங்காவும் சல்ஃபேட் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை உண்மையாகவே சுவாசித்துத் தண்ணீராக்குவதைப் பதிவுசெய்தார்கள். அதைக் கொண்டு அவற்றால் வளர முடியவில்லை. ஆனால் சுற்றுப்புறத்தைத் துடைக்க முடிந்தது. ஆக்சிஜன் மிகுந்த இடத்திலிருந்து நீந்தி விலகுவதும், ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி நடுவில் இருப்பவற்றைக் காப்பதும் அவற்றிடம் காணப்பட்டிருக்கின்றன. 1991இல் கேன்ஃபீல்டும் டெஸ் மராயும் உப்பளப் பாசிப்படலத்தில், பகல் வெயிலில் ஆக்சிஜன் ததும்பும் அடுக்கிலேயே சல்ஃபேட் சுவாசம் மும்முரமாக நடப்பதை அளந்தார்கள். எங்கே இருக்கவே கூடாதோ அங்கேயே அவை சுறுசுறுப்பாக இருந்தன. 2004இல் பானும் மாலமியும் பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ் மிகமிகச் சிறிய அளவு ஆக்சிஜனில் வளர்வது மட்டுமல்ல, அதனால் பயனும் அடைகிறது என்று நிறுவினார்கள். இத்தனைக்கும் பிறகு காற்றில்லா உயிரி என்ற பெயரை ஓர் இனத்தின் பெயராகக் கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அது ஒரு தொழிலின் பெயர். காற்று வந்தால் கடையைச் சாத்துவார்கள், போனால் திறப்பார்கள்.

இப்போது அடையாற்றுக்குத் திரும்பலாம். முகத்துவாரம் திறந்து ஓதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரும அளவில் ஒரு மீட்டரை ஒட்டியது. அடிச்சேற்றைப் புரட்டிப்போடும் வேகம் அதற்குக் கிடையாது. நீர் மாறும், சேறு அப்படியே கிடக்கும். ஆக்சிஜன் சேற்றுக்குள் இறங்க ஊடுபரவலை நம்ப வேண்டும். தண்ணீரில் அது காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாக நடக்கும். வழியில் யாரும் உண்ணாவிட்டால்கூட, 1 மில்லிமீட்டர் போகச் சுமார் 4 நிமிடம், 1 சென்டிமீட்டர் போக ஏழு மணி நேரம், 10 சென்டிமீட்டர் போக ஒரு மாதம் ஆகும். ஆறு மணிக்கொருமுறை ஓதம் திரும்பும் இடத்தில், உண்ணும் வாய்கள் நெருக்கியடித்து நிற்கும் சேற்றில், அது எவ்வளவு தூரம் போகும் என்பதை ஊகிக்கலாம். நண்டு வளைகள் ஆக்சிஜனைச் சற்று ஆழத்துக்குக் கொண்டுபோகும், உண்மை. ஆனால் நண்டு வளை தோண்ட முதலில் நண்டு உயிரோடு இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. கடல் ஆக்சிஜனை மட்டும் கொண்டுவருவதில்லை, சல்ஃபேட்டையும் கொண்டுவருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. சென்னைக் கடலின் வெப்பத்தில் அதே லிட்டரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் 6 மில்லிகிராமை ஒட்டியது. எடையில் 450 மடங்கு வேறுபாடு. ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் 4 எலக்ட்ரான்களையும் ஒரு சல்ஃபேட் 8 எலக்ட்ரான்களையும் வாங்கும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், உள்ளே நுழையும் கடல்நீர் ஆக்சிஜனைச் சுவாசிப்பவர்களுக்குக் கொண்டுவருவதைப் போல ஏறத்தாழ 300 மடங்கைச் சல்ஃபேட்டைச் சுவாசிப்பவர்களுக்குக் கொண்டுவருகிறது. ஆக்சிஜன் மேல்தோலிலேயே தீர்ந்துவிடும்; சல்ஃபேட் அங்கே தீர்ந்துவிடுவதில்லை, அது ஆழத்துக்கு இறங்கும். உணவு குறையாதவரை ஒவ்வோர் ஓதமும் அந்த பாக்டீரியாக்களுக்கு மூச்சுக்காற்று.

வாயைத் திறந்ததும் நாற்றம் குறைவது கண்கூடு, அதை எப்படி மறுப்பது என்று கேட்பார்கள். மறுக்க வேண்டியதில்லை. தேங்கிய நீர் வெளியேறுகிறது, நீரில் கரைந்த சல்பைடு நீர்த்துப்போகிறது, மேல்தோலில் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் ஏறிவரும் சல்பைடை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துவிடுகின்றன. குறைந்தது விளைபொருள், விளைவித்தவர்கள் கீழே இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். மணல் திரும்ப அடைத்ததும் சில நாட்களில் பழைய நிலை வருவது அதனால்தான். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மழைவெள்ளம் திடீரென்று பாய்ந்து சேற்றைக் கலக்கும்போது, பல மாதங்களாகச் சேர்ந்திருந்த இரும்பு சல்பைடு ஒரேயடியாக ஆக்சிஜனைச் சந்திக்கிறது. நீரிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் அது உறிஞ்சிவிடும். பருவமழையின் முதல் வெள்ளத்தில் முகத்துவாரத்தில் மடவைகள் செத்து மிதக்கும் செய்தி வரும்போதெல்லாம், நஞ்சு கலந்தார்களா என்ற கேள்வியோடு, சேறு கலங்கியதா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

சரி, அப்படியானால் முகத்துவாரத்தைத் திறப்பது வீணா? இல்லவே இல்லை. குஞ்சு மீனும் இறாலும் கழிமுகத்துக்குள் வந்து வளர அந்த வாய் திறந்திருக்க வேண்டும். நொச்சிக்குப்பம் முதல் ஊரூர்க் குப்பம் வரை கரைமீன்பிடியை நம்பியிருப்பவர்களுக்கு அது பிழைப்பின் கேள்வி. வெள்ளம் வடியவும் வேறு வழியில்லை. நான் மறுப்பது திறப்பதை அல்ல, திறப்பதே சிகிச்சை என்ற நினைப்பை. இதற்கு லண்டன் நல்ல சாட்சி. தேம்ஸ் ஆற்றின் வாயை எந்த மணலும் அடைப்பதில்லை. லண்டன் பாலத்தருகே ஓதம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அவ்வளவு கடல்நீர் நாளுக்கு இருமுறை வந்துபோயும், 1950களில் அந்த ஆறு ஹைட்ரஜன் சல்பைடால் நாறியது. உயிரற்ற ஆறு என்று 1957இல் எழுதினார்கள். கிராஸ்னஸ், பெக்டன் சுத்திகரிப்பு நிலையங்கள் 1960களிலும் 70களிலும் விரிவாக்கப்பட்டு, கழிவில் இருந்த உணவு ஆற்றுக்குப் போவது குறைந்த பிறகுதான் மீன்கள் திரும்பின. 1974இல் ஒரு சால்மன் கிடைத்தது. பாக்டீரியாக்களைக் கொன்று அந்த ஆறு மீளவில்லை, அவற்றுக்குப் படியளப்பதைக் குறைத்து மீண்டது. அடையாற்றுக் கழிமுகத்தில் தொல்காப்பியப் பூங்காவின் முதல் 58 ஏக்கர் 2011இல் திறக்கப்பட்டபோது, சேறு அகற்றி நீர்வழி திருத்திய வேலை பறவைகளுக்கும் அலையாத்திக்கும் இடம் தந்தது. ஆனால் ஆற்றின் மேற்பகுதியில் மழைநீர்க் கால்வாய்கள் வழியாகக் கழிவு வந்துகொண்டே இருக்கும்வரை, கீழே அள்ளிய சேற்றின் இடத்தில் புதுச்சேறு படிந்துகொண்டேதான் இருக்கும். 2015 டிசம்பரில் ஆறே புரண்டோடிய பின்பும் கறுப்பு திரும்பி வந்தது.

மாற்றம் நடக்கிறதா என்று அறிய மேல்நீரில் ஆக்சிஜனை மட்டும் அளந்தால் போதாது. அந்த எண் ஓதத்தோடு ஏறி ஓதத்தோடு இறங்கும். ஒரு சாண் நீளத்துக்கு இருமுனையும் திறந்த கண்ணாடிக் குழாய் போதும். இறக்கத்தின்போது சேற்றில் செங்குத்தாக இறக்கி, மேல்வாயை அடைத்து மெல்ல உருவினால், உள்ளே அடுக்கு கலையாமல் வரும். மேலே பழுப்பு, கீழே கறுப்பு. சீனிவாசபுரத்தில், உடைந்த பாலத்தின் அடியில், திரு.வி.க. பாலத்தருகே என்று அதே இடங்களில் மாதம் ஒருமுறை அந்தப் பழுப்பின் தடிமனை அடிக்கோலால் அளந்து குறித்து வைக்கலாம். கழிவு உண்மையிலேயே நின்றால் முதலில் அதுதான் நகரும்: 2 மில்லிமீட்டர் 5 ஆகும், 5 மில்லிமீட்டர் 10 ஆகும். அந்தப் பழுப்புக்குள் ஒரு நாள் புழு துளைத்த வழியும், பிறகு ஒரு நண்டு வளையும் தெரியும்.